மலேசியா மாமாவின் ஏழு கடிதங்கள்

வான்கூவர்
12 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுகிறேன். நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீ, மதினி, குட்டி சத்யப்ரியா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் "ம்", "சரி", "வச்சுரவா" என்ற மூன்றைத் தாண்டி உன் வாயில் ஒன்றும் வராது. அதனால்தான்.

ஒரு பெரிய விஷயம். நான் வேலை பார்க்கிற கார்ட்டூன் கம்பெனியில் என் கதையை முழுப் படமாக எடுக்கிறார்கள்! குழந்தை குட்டிகளோடு பார்க்கிற படம். மதுரைப் பக்கத்து ஊரில் ஒரு சின்னப் பெண். அவளுடைய தாய்மாமன் மலேசியாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போகிறார். அங்கிருந்து அவளுக்குக் கடிதம் எழுதுகிறார். ஒருநாள் கடிதம் நின்றுவிடுகிறது. அவள் வளர்ந்து, அவரைத் தேடிக் கடல் தாண்டிப் போகிறாள்.

யாருடைய கதை என்று தெரிந்திருக்கும். அப்பா லாரியில் அடிபட்டுப் போன பிறகு, ஹாஸ்டலில் அழுதுகொண்டு கிடந்த எனக்கு அம்மா கொண்டுவந்து கொடுக்கும் ஆண்டிச்சாமி மாமாவின் கடிதங்கள்தான் சோறு, தண்ணி எல்லாம். ஏழும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. டைரக்டர் மொழிபெயர்த்துக் கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினார். "இந்த மாமாவைக் கண்டுபிடி, முதல் காட்சிக்கு அழைப்போம்" என்கிறார்.

உன்னிடம் கேட்பது இரண்டு. மாமாவின் கடைசி விலாசம் வேண்டும். இன்னொன்று, பழைய கடிதங்களில் மை மங்கிவிட்டது. படத்தில் காட்ட, தமிழ் ஆம்பிளைக் கையெழுத்து வேண்டும். இதோடு வைத்திருக்கும் வரிகளைப் பேனாவால் எழுதி அனுப்பு.

எல்லோருக்கும் என் அன்பு.

உன் தங்கை,
செல்வி

*

ஆனையூர்
3 செப்டம்பர் 2023

அன்புத் தங்கை தமிழ்ச்செல்விக்கு அண்ணன் ஜெயபாண்டி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாள். சத்யப்ரியா இரண்டாம் வகுப்பு போகிறாள், வாய் நீளம், உன்னை மாதிரி. பரவை மார்க்கெட்டில் கடை ஓடுகிறது. தக்காளி போன மாதம் தங்கம், இந்த மாதம் குப்பை.

எனக்கு இடது புருவத்தில் நாலு தையல். பயப்படாதே. மூடை இறக்குகிற ஒருத்தன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை விட்டான். எடைக்கல்லை எடுத்து வாயில் ஒரு போடு போட்டேன். முன்பல் இரண்டும் தக்காளிக் கூடைக்குள் விழுந்தது. அவன் தம்பி இரும்புக் கம்பியால் என்னை அடித்தான். கணக்கு நேராகிவிட்டது.

மாமாவின் விலாசம் யாரிடமும் இல்லை. போனவர் போனவர்தான். படத்தில் தாய்மாமனை எடுத்துவிட்டு வேறு யாரையாவது வை. வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ. இதை மட்டும் அண்ணனுக்காகச் செய். கையெழுத்து பிறகு அனுப்புகிறேன், கடையில் வேலை.

குளிருக்கு நல்ல கம்பளியாக வாங்கிக்கொள்.

அண்ணன்,
ஜெயபாண்டி

*

வான்கூவர்
24 செப்டம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் புருவம் ஆறிவிட்டதா? மதினி பாவம். முப்பத்தைந்து வயதில் எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். லாரியில் அடிபட்டுச் செத்த மனுஷனைப் பற்றி யார் என்ன கெட்ட வார்த்தை சொல்லிவிட முடியும்?

மாமாவை எடுத்துவிட்டால் படமே இல்லை, அண்ணே. அவர் முகத்தை என் நினைவிலிருந்தே வரைந்திருக்கிறேன். ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன், பார். எனக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தானே உட்கார்ந்திருந்தேன்? ஊசி ஏறியதும் அவர் முன்கையைக் கடித்து வைத்தேனாம். அந்தப் பல் தடம் வரை வரைந்திருக்கிறேன். இங்கே ஆபீஸில் எல்லோருக்கும் பிடித்த ஆள் இவர்தான். பொம்மை கூடச் செய்யப் போகிறார்கள்.

சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படம் என்பதால் சொட்டு ரத்தம் காட்டக் கூடாது. கோயிலில் தேங்காய் உடைக்கிற காட்சியைக்கூட எடுத்துவிட்டார்கள். அரிவாள் வரைந்தால் அரை மணி நேரம் கூட்டம் போடுகிறார்கள். உனக்கு இங்கே வேலையே கிடைக்காது!

ஒரு விஷயம். அம்மாவுக்கு வீடியோவில் இந்தப் படத்தைக் காட்டினேன். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மீச இம்புட்டு கருப்பா இல்லடி, இப்பல்லாம் நரைச்சுப் போச்சு" என்றாள். "இப்பல்லாமா?" என்று கேட்டேன். அடுப்பில் ஏதோ தீயுது என்று வைத்துவிட்டாள். அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறதா? டாக்டரிடம் காட்டு.

பதில் போடு.

செல்வி

*

ஆனையூர்
30 அக்டோபர் 2023

அன்புத் தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் இருக்கிறோம்.

படம் வந்தது. சத்யப்ரியா கத்தரிக்கோலால் அழகாக வெட்டிச் சுவரில் ஒட்டினாள். நான் கிழித்தேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

அம்மா சொன்ன ஒரு வரியை எழுதியிருந்தாயே, அதை அவளிடம் கேட்டேன். ஞாபகமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் கொஞ்சம் சத்தம். டிவி உடைந்துவிட்டது. கண்ணாடி தெறித்து மதினிக்குக் கையில் ஆறு தையல். வேண்டுமென்று செய்யவில்லை. அம்மா இப்போது திருநகரில் ராக்கம்மாள் சின்னம்மா வீட்டில் இருக்கிறாள். அங்கேயே இருக்கட்டும்.

நீ கேட்ட கையெழுத்து இதோடு இருக்கிறது.

உன் படத்தில் ரத்தமே கிடையாது என்றாய். அப்படி ஒரு ஊர் எங்கே இருக்கிறது, சொல்லு. நானும் வாரேன்.

அண்ணன்

*

வான்கூவர்
22 நவம்பர் 2023

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமா என்று கேட்கிற தெம்பு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். மதினியின் கை எப்படி இருக்கிறது?

எங்கள் ஆபீஸில் எழுத்துகளை வரைகிறவன் முகேஷ் என்று ஒரு குஜராத்திப் பையன். தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. நீ அனுப்பிய தாளையும் மாமாவின் பழைய கடிதங்களையும் மேசையில் வைத்திருந்தேன். "மாமா கிடைச்சிட்டாரா? புதுசா எழுதி அனுப்பியிருக்காரே" என்றான். இது மாமா இல்லை, என் அண்ணன் என்றேன். சிரித்தான். "எனக்குப் படிக்கத் தெரியாது, கோடு பார்க்கத் தெரியும். இரண்டும் ஒரே கை" என்றான்.

விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நீ 'ழ'வுக்குக் கீழே போடுகிற அந்தக் கொக்கி. வரி முடிவில் பேனாவை அழுத்திக் குத்துகிற புள்ளி. ஏழு கடிதத்திலும் தாளின் பின்பக்கம் அந்தப் புள்ளிகள் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஹாஸ்டலில் அதை விரலால் தடவித் தடவித்தான் தூங்குவேன். அம்மா ஏன் எப்போதும் உறையைப் பிரித்துவிட்டுக் கடிதத்தை மட்டும் கொடுத்தாள் என்று இப்போதுதான் புரிகிறது.

மாமா மலேசியாவுக்குப் போகவே இல்லையா? அம்மாவைக் கேட்டால் "அண்ணங்கிட்ட கேளு" என்கிறாள். உன் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இருபது வருடமாக ஒரு நாடகத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருக்கிறேன். இப்போது அதை இருநூறு பேர் உட்கார்ந்து படமாக வரைகிறார்கள்.

உண்மையைச் சொல்லு.

செல்வி

*

வான்கூவர்
7 ஜனவரி 2024

அண்ணே,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. புது வருஷத்துக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. நீ போன் நம்பரை மாற்றிவிட்டதாக மதினி சொல்கிறாள், புது நம்பர் கேட்டால் அழுகிறாள். கடையை இன்னொருவரிடம் விட்டுவிட்டாயாமே, ஏன்?

திட்டவாவது எழுது.

செல்வி

*

ஆனையூர்
24 ஜனவரி 2024

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அப்பா லாரியில் சாகவில்லை. 2002 மாசி, சிவராத்திரி. செக்கானூரணி தாண்டி நம் ஊரில் பெட்டி எடுப்பு. சாமியின் நகையும் உடுப்பும் இருக்கிற பெட்டியைத் தோளில் சுமந்து கோயில் வரை போக வேண்டும். நடுவழியில் மண்ணில் வைக்கக் கூடாது. வைத்தால் ஊருக்கே ஆகாது. முன்பக்கம் தோள் கொடுக்கும் உரிமை நம் வகையறாவுக்கா, அம்மா பிறந்த வகையறாவுக்கா என்று மூன்று வருடமாகத் தகராறு. அந்த வருடம் அப்பா தூக்கினார்.

ஆண்டிச்சாமி உன்னைத் தோளில் வைத்துக்கொண்டுதான் வந்தான். பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்திருந்தான். புளியமரத்துக்குப் பக்கத்தில் உன்னை இறக்கி என் கையில் கொடுத்து, "பாப்பாவ அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போடா மாப்ள" என்றான். பத்தடி போயிருப்பேன். முதல் வெட்டு வலது தோளில். அப்பா பெட்டியை இறக்கவில்லை. இரண்டு கையும் பெட்டியைப் பிடித்திருந்தது. போட்டுவிட்டு ஓடியிருந்தால் பிழைத்திருப்பார். இரண்டாவது வெட்டு கழுத்தில். உன் முகத்தை என் வயிற்றில் அமுக்கிக்கொண்டேன். மிட்டாய் என் சட்டையெல்லாம் ஒட்டியது. நீ மிட்டாய்க்குத்தான் அழுதாய். உனக்கு ஐந்து வயது. எனக்குப் பதினாலு.

அவனுக்கு ஆயுள் தண்டனை. நீ மாமா மாமா என்று ராத்திரி பகலாக அழுதாய். செத்த அப்பாவைவிட அவனைத்தான் கேட்டாய். அம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "மலேசியா போயிருக்காருன்னு சொல்லிட்டேன்டா. நீயே எழுது" என்றாள். "என் ராசாத்தி மருமகளுக்கு" என்று தொடங்கினேன். முடித்ததும் பம்ப்செட்டுச் சுவரில் கையை இடித்தேன். விரல் முறிந்தது. இரண்டாவது கடிதம் ஐந்து மாதம் தாமதமானது அதனால்தான்.

ஏழிலும் ஒரு வரி இருக்கும். "கண்டிப்பா வருவேன், காத்திரு." அது உனக்கு எழுதியதில்லை. நான் எனக்கே எழுதிக்கொண்டது.

அம்மா இத்தனை வருடமும் நம் இருவருக்கும் தெரியாமல் ஜெயிலில் மனுப் போட்டு அவனைப் பார்த்து வந்திருக்கிறாள். முறுக்கு கொண்டுபோவாளாம். "அவன் என் கூடப்பொறந்தவன்டா" என்கிறாள். பொங்கலுக்கு அவனை விட்டுவிட்டார்கள். ஊரில்தான் இருக்கிறான். மார்ச் 8 சிவராத்திரி. இந்த வருடம் அவன்தான் முன்பக்கம் தூக்கப் போகிறானாம்.

நீ இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் அதற்குப் பிறகு வா.

அண்ணன்

*

வான்கூவர்
6 பிப்ரவரி 2024

என் அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நீ உயிரோடும் கை சுத்தமாகவும் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் வருகிறது. அப்பாவுக்காக நான் ஒருநாள்கூட ஒழுங்காக அழவில்லை. அழவேண்டிய அழுகையையெல்லாம் அந்த ஆளுக்கு அழுதேன். அவன் கையில் என் பல் தடத்தை ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். 

ஆனால் ஒன்றைக் கேள். அந்த மாமா மழையில் நனைந்துகொண்டு ரப்பர் பால் எடுத்தார். சம்பளத்தில் எனக்குக் கொலுசு வாங்கி வைத்திருந்தார். கணக்கில் நாற்பது வாங்கினதற்குத் திட்டாமல், "அடுத்த தடவ அம்பது வாங்கு, போதும்" என்று எழுதினார். ஆண்டிச்சாமி அதில் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லையே. முகம்தான் அவன் முகம். நான் வரைந்த மாமா நீதான், அண்ணே. விரல் முறிந்தும் மறுபடி உட்கார்ந்து எழுதியது நீதான்.

நான் உடனே கிளம்பியிருப்பேன், ஆனால் முடியவில்லை. என் வேலை பெர்மிட் முடிந்து புதியது இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்கிறார் வக்கீல். மார்ச் 15க்குள் தாள் வந்துவிடுமாம். 16ஆம் தேதி விமானம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இரு. அம்மாவிடம் பேசிவிட்டேன். அந்த ஆள் கோயில் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். வீட்டில் கத்தி கபடா இல்லாமல் மதினி எடுத்துவிட்டாள். சிவராத்திரி அன்று சத்யப்ரியாவைக் கூட்டிக்கொண்டு எங்காவது போ. அவளுக்கு ஏழு வயது. அப்பா எங்கே என்று அவள் கேட்டால் யார் எழுதுவது?

சிவராத்திரி கழித்து ஒன்பது நாள். அதற்குப் பிறகு நான் அங்கே இருப்பேன்.

செல்வி

*

மதுரை மத்திய சிறை
29 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உன் பெர்மிட் இன்னும் வரவில்லை என்று மனுவில் வந்தபோது மதினி சொன்னாள். இந்தக் கடிதத்தை அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாயிற்று.

மதினி வீட்டில் இருந்ததைத்தான் ஒளித்தாள். வாழைத்தார் வெட்டுகிற கத்தி கடையில் இருந்தது.

சிவராத்திரி அன்று சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில். அம்மா போய்க் காலில் விழுந்து சொல்லியும் ஆண்டிச்சாமி கேட்கவில்லையாம். முன்பக்கம் தோள் கொடுத்து வந்தார். அறுபது வயது, மெலிந்து, மீசை முழுக்க வெள்ளை. அதே புளியமரம். என்னைப் பார்த்தார். கையில் கத்தியையும் பார்த்தார். "வா மாப்ள" என்றார், வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி.

முதல் வெட்டு தோளில். அவர் பெட்டியை இறக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "எறக்குடா" என்று கத்தினேன். இறக்கவில்லை. இரண்டாவது கழுத்தில். பின்னால் தூக்கியவர்கள் ஓடிவிட்டார்கள். அவர் மடிந்து விழ, பெட்டி சாய்ந்தது. நான் கத்தியை எறிந்துவிட்டுப் பெட்டியைப் பிடித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை, செல்வி. கை தானாகப் போனது.

அப்புறம் முக்கால் மணி நேரம் அதைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். வாங்கிக்கொள்ள ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை. ஓடியிருக்கலாம், வண்டி தயாராக நின்றது. மண்ணில் வைக்க முடியவில்லை. அவர் என் காலடியில் கிடந்தார். ரத்தம் என் செருப்புக்குள் வந்து சுட்டது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து, "கனமா இருக்கா மாப்ள?" என்று கேட்டார். அதுதான் கடைசி. ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து பெட்டியை வாங்கின பிறகு போலீஸ் விலங்கு போட்டது.

உன் கூரியர் சிவராத்திரிக்கு மூன்று வாரம் முன்பே வந்திருந்தது. பிரித்தால் போக மாட்டேன் என்று தெரியும், அதனால் பிரிக்கவில்லை. சட்டைப் பையில் இருந்தது. ரத்தத்தில் ஊறிப்போய் இப்போது அது கேஸ் சொத்து. இன்ஸ்பெக்டர் பிரித்துச் சத்தமாகப் படித்தார். நான் வரைந்த மாமா நீதான் என்ற வரியை அவர் வாயில் கேட்டேன். இருபத்திரண்டு வருடம் சுமந்தது இறங்கிவிடும் என்று நினைத்தேன். ஒன்றும் இறங்கவில்லை.

ஒரே ஒரு உதவி. "அப்பா அத்தையிடம் கனடாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்" என்று அம்மா சத்யப்ரியாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். தினமும் கேட்கிறாளாம். நான் இங்கிருந்து எழுதினால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். என் பேரில் நீ அவளுக்கு மாதம் ஒரு கடிதம் எழுது. பனி, கப்பல் என்று எதையாவது எழுது. உனக்கு நன்றாக வரும்.

அண்ணன்,
ஜெயபாண்டி

*

வான்கூவர்
21 ஏப்ரல் 2024

என் செல்ல சத்யப்ரியாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இந்தக் கடிதத்தை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. என்ன எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா கனடாவில் இல்லை. இங்கே வரவே இல்லை. உன் அப்பத்தா உன்னைப் பிரியத்தில் ஏமாற்றியிருக்கிறார். என்னையும் அப்படித்தான் சின்ன வயதில் ஏமாற்றினார்கள்.

உன் அப்பா ஒருவரைக் கொன்றுவிட்டார். அவர் உன் அப்பத்தாவின் தம்பி. அவரும் ரொம்ப நாளைக்கு முன்னால் உன் தாத்தாவைக் கொன்றவர். இது உனக்கு இப்போது முழுக்கப் புரியாது. பள்ளிக்கூடத்தில் யாராவது மோசமாகச் சொல்லி உனக்குத் தெரியக் கூடாது, அதனால்தான் நான் சொல்கிறேன். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அப்பாவுக்கு உன்மேல் கோபமும் இல்லை.

நான் வரைந்த படம் அடுத்த வருஷம் தியேட்டருக்கு வரும். அதில் மலேசியாவிலிருந்து ஒரு மாமா கை நிறையப் பரிசோடு திரும்பி வருவார். அந்தக் காட்சியை வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரோ வரைகிறார்கள். நீ பார்த்துச் சிரி, பரவாயில்லை.

எனக்கு வரவேண்டிய ஒரு தாள் இன்னும் வரவில்லை. ஒரு தடவை அதற்காகக் காத்திருந்துவிட்டேன். இனிக் காத்திருக்க மாட்டேன். மே 11, சனிக்கிழமை வாரேன், திரும்பிப் போக மாட்டேன்.

வந்ததும் நாம் இரண்டு பேரும் அப்பாவைப் பார்க்கப் போவோம். விமானம், கப்பல் எதுவும் வேண்டாம். ஆனையூரில் பஸ் ஏறினால் அரசரடியில் அவர் இருக்கிற ஜெயில் வாசலில் இறங்கலாம், அரை மணி நேரம்தான். கேட்க வேண்டியதையெல்லாம் அவரிடமே கேள். அவர் அழுதால் பயப்படாதே. பொய் சொன்னால் என்னைப் பார், நான் உனக்குச் சரியாகச் சொல்கிறேன்.

உன் அத்தை,
தமிழ்ச்செல்வி